ஒப்பாரி: துணையிழந்தோர் பாட்டின் வரலாறு

ஒப்பாரி என்பது இறந்தாரை நினைந்து இருப்போர், பெரும்பாலும் பெண்டிர், இராகத்தோடு இழுத்துப் பாடும் அழுகைப் பாட்டு. பிலாக்கணம், பிரலாபம், புலம்பல், இழவுப் பாட்டு என வட்டாரத்துக்கும் நூலுக்கும் ஏற்ப வெவ்வேறு பெயர்களால் வழங்கும். தாய் தந்தையர்க்கும், மக்களுக்கும், உடன்பிறந்தார்க்கும் ஒப்பாரி உண்டாயினும், அளவாலும் உணர்ச்சியாலும் முதலிடம் பெறுவது கணவனை இழந்தாள் பாடுவதே. இக்கட்டுரை அவ்வகையையும், அதற்கு இணையாக மனைவியை இழந்தான் பாடிய மிகச் சிலவற்றையும் மாத்திரம் எடுத்துக்கொள்கிறது.

இதனைப் பற்றிய மிகப் பழைய இலக்கணக் குறிப்பு தொல்காப்பியப் புறத்திணையியலில், காஞ்சித் திணையின் துறைகளை வகுக்குமிடத்தில் காணப்படுகிறது. சுரத்திடையில் கணவனை இழந்து தனித்து நின்றவள் புலம்புவது முதுபாலை. மனைவியை இழந்தவனது நிலை தபுதாரநிலை. கணவனை இழந்து நோன்பிருப்பவளது நிலை தாபதநிலை. கணவனோடு தீப்புகத் துணிந்தவள் தன்னைத் தடுப்பாரிடம் பேசுவது பாலைநிலை. தொல்காப்பியத்தின் காலம் கிறிஸ்துவுக்கு முன்னென்றும் பின்னென்றும் பல நூற்றாண்டு வேறுபாட்டோடு கூறப்படுவதால், இப்பாகுபாடு எப்போது தோன்றியது என்று அறுதியிட இயலாது. ஆயினும் இலக்கணம் கண்டவர் துணையிழந்தார் துயரத்தை ஒரே துயரமாகக் கொள்ளாமல், இழந்தவர் ஆணா பெண்ணா, இழந்த இடம் வீடா காடா, இழந்தபின் இருப்பதா இறப்பதா என்று பிரித்துப் பார்த்தமை கருதத்தக்கது.

இத்துறைகளுக்கு இலக்கியமாக அமைந்த செய்யுட்கள் புறநானூற்றில் 245 முதல் 256 வரையுள்ள பகுதியில் செறிந்துள்ளன. உ. வே. சாமிநாதையர் அந்நூலை 1894-இல் முதன்முதல் அச்சிட்டு வெளியிடும்வரை, ஏடு வைத்திருந்த சில வித்துவான்களையன்றிப் பிறர் இவற்றை அறிந்திருக்க நியாயமில்லை. ஒரு சில பாட்டுக்களேயாயினும், இப்பொருள் பற்றித் தமிழில் கிடைக்கும் மிக விரிவான பழஞ்சான்று இதுவேயாதலின், சிறிது நின்று நோக்குதல் பொருந்தும்.

மனைவியை இழந்த ஆடவனின் குரல் 245-ஆம் பாட்டில் ஒலிக்கிறது. பாடியவன் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. கோட்டம்பலம் எவ்விடம் என்பதில் ஒருமித்த கருத்தில்லை. கள்ளி படர்ந்த களர்நிலத்தில், வெட்டவெளியில், விறகடுக்கின் தீயைப் பாயலாக்கித் தன் தேவியைக் கிடத்திவிட்டுத் திரும்பிய அரசன், தன் துயரம் எத்துணைப் பெரிதாயினும் தன் உயிரைப் போக்கும் ஆற்றல் அதற்கு இல்லையே என்று அதனைச் சிறுமைப்படுத்திப் பேசுகிறான். அவள் போனதைவிடத் தான் இன்னும் இருப்பதே அவனுக்கு வெட்கமாகிறது. தன்னைத் தானே இகழும் இத்தொனி பிற்காலத்து அரச பிரலாபங்களில் காணக் கிடைப்பதன்று.

அடுத்த பாட்டு நேர் எதிரான நிலையைக் காட்டுகிறது. பூதப்பாண்டியன் இறந்தபின் தீப்பாயச் சென்ற அவன் தேவி பெருங்கோப்பெண்டு, தடுத்த சான்றோரை நோக்கிக் கூறுவதாக அது அமைந்துள்ளது. அவளே பாடியதா, அவள் பெயரால் புலவர் ஒருவர் பாடியதா என்பது விவாதத்திற்குரியது. எங்ஙனமாயினும், தான் வேண்டாம் என்று ஒதுக்கும் கைம்மை வாழ்வின் உணவை அவள் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கும் நுணுக்கம் வியக்கத்தக்கது: நெய் தீண்டாத, நீர் பிழிந்த சோறு, அதனுடன் எள்ளுத் துவையலும், புளி பெய்து வேகவைத்த வேளைக்கீரையும், பாயின்றிப் பருக்கைக் கற்களின்மேல் படுக்கை. கைம்பெண்டிரின் அன்றாட அனுஷ்டானத்தை அறிய விரும்பும் சரித்திரக்காரர்க்கு, அவ்வாழ்வை மறுத்தவளின் வாக்குமூலமே முதற்சான்றாய் நிற்கிறது.

அவ்வாழ்வை ஏற்றவர்களைப் பற்றிய பாட்டுக்கள் குறுகியவை. ஆனால் அவற்றில் ஓர் அணுக்கம் உண்டு. ஒக்கூர் மாசாத்தனார் பாட்டில் ஒருத்தி வெள்ளாம்பலை நோக்கி இரங்குகிறாள்: இளமையில் அதன் இலை அவளுக்குத் தழையுடை, கணவன் மாய்ந்தபின், வேளை தப்பி உண்ணும் உணவாக அதன் விதையே அல்லியரிசி. ஒரே குளத்துச் செடிதான். அவள் வாழ்வின் இரு பாதிகளும் அதில் அடங்கிவிடுகின்றன. அதற்கடுத்த பாட்டைப் பாடியவர் பெயரைத் தும்பி சேர்கீரனார் என்றும் தும்பி சொகினனார் என்றும் ஏடுகள் வேறுபடக் கூறும். அதில் கணவனுக்குப் பிண்டம் வைக்கச் சுளகளவு இடத்தை ஒதுக்கி மெழுகுகிறாள் ஒருத்தி. சாணத்தைக் கரைக்க அவளுக்கு வேறு நீர் வேண்டியிருக்கவில்லை, கண்ணீரே போதுமாயிருக்கிறது.

முதுபாலைப் பாட்டுக்களுள் இரண்டு பெரிதும் போற்றப்படுவன. வன்பரணர் பாட்டில், காட்டு வழியில் கணவன் பிணத்தருகே நிற்பவள் உரக்க அழவும் அஞ்சுகிறாள், அழுகுரல் கேட்டுப் புலி வருமென்று; தூக்கிச் செல்லவும் முடியவில்லை, அவன் மார்பு அத்துணை அகலம். ஆதலால் தன் வளைக்கையைப் பற்றிக்கொண்டு மலைநிழல்வரை மெல்ல நடந்து வருமாறு அவனையே வேண்டுகிறாள். பாடியவர் பெயர் தெரியாத 256-ஆம் பாட்டில், ஊர்க் குயவனிடம் ஈமத்தாழி சொல்லவந்தவள், தானும் உள்ளே அடங்கும்படி அதை அகலமாக வனையச் சொல்கிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்ட சிறு பல்லியைப்போல அவனோடு பல வழிகளைக் கடந்து வந்தவளாம் அவள்.

இவை பாடப்பட்டனவா, பாடப்பட்டிருப்பின் எவ்வாறு என்பது தெளிவாகவில்லை. பரிபாடலுக்குப் பண்ணும் இசை வகுத்தோர் பெயரும் குறிக்கப்பட்டிருப்பதுபோல் புறநானூற்றுக்கு இல்லை. விளரி என்னும் பண் இரங்கலுக்கு உரியதென்பது பழைய மரபு. விளரிப்பாலையை இக்காலத் தோடியோடு பொருத்துவோர் பலர். சாவைக் குறித்து முழங்கிய பறை நெய்தற்பறை எனப்பட்டது. ஒரு மனையில் அது ஒலிக்க மற்றொரு மனையில் மணமுழவு ஒலிப்பதைப் பக்குடுக்கை நன்கணியார் பாடியுள்ளார். சாப்பறை ஒரு முறை கொட்டி, சற்றே நின்று, மறுமுறை கொட்டி, மூன்றாம் கொட்டில் பிணத்தை எடுப்பர் என்று நாலடியார் கூறுவதிலிருந்து, பறைக்கும் சடங்கின் படிகளுக்கும் இருந்த கணக்கு புலனாகிறது. பெண்டிரின் அழுகைக்கும் அக்கணக்குக்கும் என்ன இயைபு இருந்தது என்பதை எந்நூலும் சொல்லவில்லை.

சிலப்பதிகாரத்தில் துன்பமாலை, ஊர்சூழ்வரி என்னும் இரு பகுதிகள் கண்ணகியின் புலம்பலுக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. ஊர்சூழ்வரியில், வெட்டுண்டு கிடந்த கோவலன் ஒரு கணம் எழுந்து அவள் முகத்துக் கண்ணீரைத் தன் கையால் துடைத்துவிட்டு விண்ணேகுகிறான். இறந்தவன் அழுகைக்கு மறுமொழி தரும் அருமையான சந்தர்ப்பம் இது. ஆயினும் பெருங்காப்பியங்கள் பொதுவாக அழுது வாழ்ந்தவளைவிட அழுது மாய்ந்தவளையே பெரிதும் விரும்பின. அதே காப்பியத்தில் பாண்டிமாதேவி கணவன் வீழ்ந்ததும் புலம்பலுக்கும் இடமின்றி உயிர் துறக்கிறாள். வான்மீகத்தில் மண்டோதரி புலம்பியபின்னும் உயிர் வாழ, கம்பர் அவளை இராவணன் உடல்மீது விழுந்து அப்போதே இறக்கச் செய்கிறார். சீவகசிந்தாமணியின் விசயை, கணவன் சச்சந்தன் மடிந்த இரவில் சுடுகாட்டில் மகனைப் பெற்றுப் புலம்பியும் மேலே வாழவேண்டியவளாதலின், அவள் புலம்பலில் குழந்தையைப் பற்றிய கவலை கலந்து, அது நாட்டுப்புற ஒப்பாரிக்கு மிக நெருங்கி வருகிறது.

இக்காப்பியங்களை விட்டால், பக்தி இலக்கிய காலத்திலிருந்து நாயக்கர் காலம்வரை, கல்வெட்டுக்கள் உடன்கட்டை ஏறிய தேவியரைக் குறிப்பினும், இப்பாட்டைப் பற்றி ஏட்டில் கிடைப்பது சொற்பமே.

கதைப்பாடல்கள் தோன்றிய பிற்பட்ட நூற்றாண்டுகளில் மீண்டும் சிறிது வெளிச்சம் விழுகிறது. நெல்லைச் சீமையில் வில்லுப்பாட்டாக வழங்கும் முத்துப்பட்டன் கதையில், பொம்மக்கா, திம்மக்கா என்னும் இரு சகோதரிகள், தங்களை மணக்கச் சாதியைத் துறந்த பட்டன் கொல்லப்பட்டதும் புலம்பித் தீப்புகுகின்றனர். மதுரைவீரன் கதையிலும் தேசிங்குராசன் கதையிலும் இத்தகைய பகுதிகள் உள்ளன. இவற்றைப் பாடியவர் ஆண்கள். பெண்களின் ஒப்பாரி மெட்டை இவர்கள் கடன்கொண்டனரா, அன்றி இக்கதைகளிலிருந்து ஒப்பாரி சொற்களைக் கடன்கொண்டதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டும் நிகழ்ந்திருக்கலாம்.

வீட்டு முற்றத்தில் பெண்டிர் பாடும் ஒப்பாரியைப் பற்றி விரிவான சான்றுகள் பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளிலிருந்தே கிடைக்கின்றன. சாவு விழுந்த செய்தி எட்டியதும் உறவுப் பெண்கள் வந்து, தலைவிரித்து, ஒருத்தி தோள்மீது ஒருத்தி கைபோட்டு வட்டமாகக் குந்தி, முன்னும் பின்னும் சாய்ந்தாடிப் பாடுவர். ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் தொடர்வர். அல்லது அவரவர் தம் பாட்டைத் தனித்தனியே பாட, எல்லாம் கலந்து ஒலிக்கும். ஒவ்வோர் அடியும் மேலிருந்து தொடங்கிப் படிப்படியாக இறங்கி, கடைசி அசையில் நீண்டு விம்மலாக முடியும். அவ்விடத்தில் மூக்கைச் சிந்தி முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுத்த அடி தொடங்கும். குரல் ஓய்ந்த இடைவேளைகளில் வெற்றிலை மடிப்பதும், வந்தவளிடம் எந்த பஸ்ஸில் வந்தாய், சாப்பிட்டாயா என்று விசாரிப்பதும் குறையாகக் கருதப்படுவதில்லை; தெருமுனையில் அடுத்த கூட்டத்தின் தலை தெரிந்ததும் பாட்டு மீண்டும் எழும்.

கணவனுக்கான ஒப்பாரியின் பொருளமைதி பெரும்பாலும் ஒரே மாதிரியானது. அடியின் முற்பாதி செல்வத்தைப் பேசும்: தங்கக் குடம், வெள்ளிக் குத்துவிளக்கு, ஏழடுக்கு மாளிகை, ஆனை கட்டிய வாசல். பிற்பாதி அது சரிந்ததைச் சொல்லும். அரைக்காணி நிலமும் இல்லாத கூலிக்காரனின் மனைவியும் அவனை ராசா என்றும் மன்னவர் என்றும் அழைத்து, கோட்டையும் கொத்தளமும் வைத்துத்தான் பாடுவாள். அதைக் கேட்டு எவரும் நகைப்பதில்லை. அதன்பின் பூ, மஞ்சள், குங்குமம், வளையல் என்று இழப்புக்கள் வரிசையாக வரும். கல்யாண வீடுகளில் இனி முன்வரிசையில் நிற்க முடியாதே என்ற ஏக்கம் வரும். அழைக்கப்படுவோருள் கணவனுக்கு அடுத்தபடி தாய் இருக்கிறாள். உயிரோடிருப்பினும் இறந்துவிட்டிருப்பினும் பெற்ற தாயைக் கூப்பிட்டே பல பாட்டுக்கள் தொடங்குகின்றன. ஏனெனில் இனி அவள் ஒதுங்க வேண்டிய இடம் பிறந்த வீடு, அங்கே அடுப்படி அண்ணன் பெண்டாட்டி கையில் இருக்கிறது.

இங்கேதான் ஒப்பாரியின் வழக்காடும் இயல்பு வெளிப்படுகிறது. நிலத்தில் பங்கு தராத கொழுந்தன், நோயில் எட்டிப் பார்க்காத நாத்தனார், சீர் குறைத்த அண்ணன் ஆகிய அனைவரும் எதிரில் நிற்க, அவர்கள் செய்ததைப் பெயர் சொல்லாமல் உறவு சொல்லிப் பாடிவிடலாம். பேச்சாகச் சொன்னால் சண்டையாகிவிடுவதைப் பாட்டாகச் சொன்னால் மறுக்க வழியில்லை. மறுக்க விரும்பும் நாத்தனாரும் ஒப்பாரியிலேயே பதில் பாட வேண்டும். அங்ஙனம் பாடிய சந்தர்ப்பங்களும் உண்டு. 2005-இல் தமிழ் ஒப்பாரி பற்றி நூல் வெளியிட்ட இசபெல் கிளார்க்-டெசே என்னும் மானிடவியலாளர், பெண்கள் அழுவது இறந்தவருக்காகவன்று, தங்கள் குறைகளுக்காகவே என்னும் கருத்தை அந்நூலின் தலைப்பிலேயே வைத்தார். ஒப்பாரி வைக்கும் கிழவிகளுக்கு இது புதுச்செய்தியாயிராது. ஆயினும், தன் குறைக்கு அழுபவள் இறந்தவனுக்கு அழவில்லை என்று பிரித்தல் எத்துணைப் பொருந்தும் என்பது ஐயத்திற்குரியது.

பிணம் எடுக்கும்போது பாட்டு உச்சமடையும். பெண்டிர் பாடையைத் தெருமுனைவரை தொடர்ந்து சென்று அங்கே நின்றுவிடுவது பொது வழக்கம். அதற்கப்பால் பறையும் சங்கும் சேகண்டியும் ஆண்களும்தான். மறுபடியும் கருமாதியையொட்டி, பிறந்த வீட்டார் கோடிப் புடைவை கொண்டுவந்து போர்த்தி, மூத்த கைம்பெண்கள் தாலியை வாங்கும் வேளையில் ஒப்பாரி எழும். முதல்நாள் பாட்டு ஊருக்கு. இப்பாட்டு பெண்களுக்கு மாத்திரமே என்பர்.

உறவல்லாதார் கூலிபெற்றுப் பாடும் வழக்கமும் இருந்தது. கூலிக்கு மாரடித்தல் என்னும் வழக்குமொழி அதன் எச்சம். மேற்சாதியார் வீட்டு இழவுகளில் தாழ்த்தப்பட்டோர் பறை அறைவதும், அவர்தம் பெண்டிர் வந்து அழுவதும் பல ஊர்களில் கட்டாயக் கடமையாகவே இருந்தமையால், சிறந்த ஒப்பாரிக்காரிகள் என்று பெயர் பெற்றவர் பலர் தங்களுக்கு உறவில்லாத துயரத்திற்கும் குரல் கொடுத்தவர்கள். இருபதாம் நூற்றாண்டில் அம்மக்களின் இயக்கங்கள் சாவுக்குப் பறையடிக்க மறுத்ததன் ஒரு விளைவாக, இக்கடமை பல இடங்களில் நின்றது.

மெட்டைக் குறித்து ஒரு சொல். ஒப்பாரி முகாரி இராகத்தில் அமைந்தது என்பது பரவலான நம்பிக்கை. முகாரி பாடினான் என்றால் அழுதான் என்பதே பொருளாகிவிட்டது. ஆனால் சபரியின் பாக்கியத்தை வியந்து தியாகராசர் பாடிய கீர்த்தனையும் முகாரியே. ஒப்பாரி மூன்று நான்கு சுரங்களுக்குள் அடங்கி ஊருக்கு ஊர் மாறுவதாதலின், அதனைக் குறித்த ஓர் இராகத்துள் அடைப்பது அத்துணைப் பொருத்தமன்று. புன்னாகவராளி, நாதநாமக்கிரியை ஆகியவற்றின் சாயலைக் காண்பாரும் உளர்.

துணையிழந்தாள் புலம்பல் உண்மை மரணத்தைச் சாராமல் கூத்தாகவும் விழாவாகவும் நிகழ்வதுண்டு. மாசி மாதத்தில் தஞ்சைப் பகுதியிலும் இலங்கை மலையகத் தோட்டங்களிலும் நடைபெறும் காமன் பண்டிகையில், சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தபின் இரதி வேடம் பூண்டவன் ஒப்பாரி வைப்பான். தஞ்சையில் மராட்டியர் வழிவந்த லாவணிப் பாட்டுக்காரர், காமன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என மற்றொரு கட்சியுமாகப் பிரிந்து விடியவிடிய வாதாடுவர். எரியாத கட்சி வென்றாலும் இரதியின் அழுகை நிற்பதில்லை என்பது இதன் சுவை. தொண்டை மண்டலத்தில் கருமாதி இரவில் ஆடப்படும் கர்ணமோட்சம் தெருக்கூத்தில், போருக்குப் புறப்படும் கர்ணனும் மனைவி பொன்னுருவியும் பிரியும் காட்சியைக் காண, முன்னம் விதவையானவளே கூட்டத்தில் அமர்ந்திருப்பாள். கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியையொட்டி அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையர், மறுநாள் அழுகளத்தில் தாலி அறுத்து, வளை உடைத்து, வெள்ளுடுத்தி ஒப்பாரி வைக்கின்றனர். இவ்விழா எத்துணைப் பழமையானது என்பது தீர்மானிக்கப்படவில்லை.

தொகுப்பு முயற்சிகள் சென்ற நூற்றாண்டின் நடுவில் நடந்தன. மு. அருணாசலத்தின் ‘காற்றிலே மிதந்த கவிதை’ 1943-இல் வெளிவந்தது. பெர்சி மாக்வீன் என்னும் ஆங்கில அதிகாரி திரட்டிய பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் ‘மலையருவி’ என்று பதிப்பிக்க, தஞ்சைச் சரசுவதி மகால் 1958-இல் பிரசுரித்தது. நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ 1964-இல் வந்தது. தொகுப்பாளர் அனைவரும் ஆடவர். விளக்கேற்றிய வீட்டில், நல்ல நாளில், சாவின்றி ஒப்பாரி பாடுவது அமங்கலம் என்று பெண்கள் கருதுவதால், ஏட்டில் ஏறியவை பெரும்பாலும் களத்துமேட்டிலும் குளக்கரையிலும் கேட்டுச் சொல்லச்சொல்ல எழுதியவை. விம்மலும், திரும்பத் திரும்ப வரும் விளிகளும், இடையிட்ட பேச்சும் அவற்றில் உதிர்ந்துவிட்டன. மெட்டு பெரும்பாலும் குறிக்கப்படவில்லை. கிடைத்தவற்றைப் பாட்டென்று கொள்வதைவிடப் பாட்டின் சொற்கள் என்று கொள்வதே முறை.

யாழ்ப்பாணத்தில் இவ்விஷயம் வேறொரு கிளை விட்டது. அங்கே சைவர் வீட்டு மரணத்தில் சுண்ணம் இடிக்கும்போது திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணம் பாடப்படும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று வழங்கப்படும் ‘கல்வெட்டு’ என்னும் சிறு புத்தகத்தில், இறந்தவரின் வமிச வரலாற்றோடு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் எனத் தலைப்பிட்ட விருத்தங்கள் அச்சிடப்படும். புலவரைக் கொண்டு எழுதுவிக்கும் இவற்றில் மனைவியை இழந்த கணவனுக்கும் ஒரு புலம்பல் ஒதுக்கப்படுவதால், சேரமானுக்குப்பின் ஏறக்குறைய மௌனமாகிவிட்ட தபுதாரநிலை இங்கே அச்சுவழி மீண்டும் தலைகாட்டுகிறது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் ஈழத்தமிழரிடையேயும் இவ்வழக்கம் தொடர்கிறது.

மேடைப் பாடகருள் இங்குக் குறிக்கத்தக்கவர் கே. பி. சுந்தரம்பாள். கணவர் எஸ். ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் மறைந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அணிகளைத் துறந்து வெள்ளுடை பூண்டு, எந்த ஆடவனுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதிகொண்ட அவர், 1935-இல் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே தோன்றினார். அதற்கு அவர் பெற்ற இலட்ச ரூபாய் அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. அவர் பிற்பாடு பாடியவை பக்திப் பாட்டுக்களே எனினும், அவற்றில் கிட்டப்பாவைக் கேட்டவர்கள் இருந்தனர்.

அண்மைக் காலச் செய்திகள் சிலவே. சென்னையில் ஆடவர் பாடும் மரண கானா தனிக்கலையாகப் பெயர் பெற்றது. ஒலிநாடாவில் பதிந்த ஒப்பாரிகள் ஒலிபெருக்கி வழியே இழவு வீடுகளில் ஒலிக்கலாயின. 2021-இல் அறிவு, தீ என்னும் பாடகர் இருவர் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ ஒப்பாரியின் சாயலை உலகெங்கும் கொண்டுசென்றது. கிராமங்களில் ஐஸ் பெட்டி வந்தபின், வெளிநாட்டிலிருக்கும் மகன் வந்துசேரும்வரை பிணத்தை இரண்டு மூன்று நாள் வைத்திருக்க முடிகிறது; பாடும் நேரம் அதற்கேற்ப நீண்டிருக்கிறது, முழுப்பாட்டும் மனப்பாடமாக உள்ள பெண்களின் தொகையோ குறைந்து வருகிறது.